காலணாவுக்கு ஒரு புத்தகம்

தமிழ்நாட்டில் சாமானியர் கைக்குப் புத்தகம் வரத் தொடங்கியது 1835-க்குப் பிறகுதான். அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. ஆனால் அச்சுக்கூடங்கள் பெரும்பாலும் பாதிரிமார் வசமும் கிழக்கிந்தியக் கும்பினி அரசின் வசமுமே இருந்தன. மற்றவர்களுக்கு ஓலைச்சுவடிதான். ஒரு நூல் வேண்டுமென்றால் ஏடு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூலி கொடுத்து எழுதுவிக்க வேண்டும். 1835-இல் சார்லஸ் மெட்காஃப் தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்தபோது வந்த சட்டம் அச்சுத்தொழிலின் மேல் இருந்த கட்டுகளைத் தளர்த்தியது. இந்தியர் எவரும் அச்சுக்கூடம் வைக்கலாம் என்றானது. சென்னையில் தெருவுக்குத் தெரு அச்சுக்கூடம் முளைத்தது.

புதிய அச்சுக்கூடங்களிலிருந்து இரண்டு வகைப் புத்தகங்கள் வந்தன. ஒன்று புலவர்கள் பதிப்பித்த இலக்கண இலக்கிய நூல்கள். அச்சுக்குக் கொடுக்குமுன்பே ஊர் ஊராகப் போய்க் கையொப்பம் வாங்கி, பணம் தருவோர் பட்டியலைத் தயார் செய்துகொண்டுதான் அவை வெளிவந்தன. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் வழி அதுதான். ஜமீன்தார், மடாதிபதி, வக்கீல், உத்தியோகஸ்தர் ஆகியோருக்கு எட்டும் விலை அது. இன்னொரு வகைக்குக் கையொப்பமும் தேவையில்லை, புரவலரும் தேவையில்லை. அதை வாங்கியவர் சந்தைக்கு வந்த ஆள்.

அந்த இரண்டாம் வகையில் முதலிடம் பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு, தேசிங்கு ராஜன் கதை, மதுரை வீரன் கதை எல்லாம் ‘பெரிய எழுத்து’ என்ற அடைமொழியோடு வந்தன. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் இவற்றைப் பல பத்தாண்டுகள் விடாமல் அச்சிட்டார்கள். பெயருக்கேற்ப எழுத்து பெரிதாக இருக்கும். அகல் வெளிச்சத்தில் படிப்பவருக்கும், கண் மங்கிய முதியவருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவருக்கும் அது வசதி. தாள் மட்டம், கட்டு சாதாரணம், இடையிடையே மரக்கட்டையில் செதுக்கிய படங்கள். கதை ஏற்கெனவே கூத்திலும் பாட்டிலும் கேட்டுப் பழகியது என்பதால் வாங்குபவருக்குத் தயக்கம் இருக்காது.

இந்தப் புத்தகங்கள் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படிக்கப்பட்டவை அல்ல. 1901-இல் சென்னை மாகாணத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அறுவடை முடிந்த நாட்களில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ அவர் இராகம் போட்டுப் படிப்பார். இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பாரதம் படிப்பது பல ஊர்களில் மழை வேண்டிச் செய்யும் சடங்காகவே இருந்தது. துக்க வீட்டில் இரவு கண்விழிக்கவும் இவ்வகைக் கதைகள் உதவின. ஒரு பிரதியின் விலையை இத்தனை பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றும் தேறாது. விலைமலிவு என்பதைப் பக்கக் கணக்கிலும் தாளின் தரத்திலும் மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் கணக்கு இது. தமிழர்கள் குறைவாக வாங்கி நிறையப் படித்த வரலாறு பெரும்பாலும் ஒரு பிரதி பல கைகளுக்குப் போன வரலாறுதான்.

பெரிய எழுத்துக் கதைகளைவிடவும் மலிவானவை குஜிலிப் பதிப்புகள். சென்னையில் குஜிலிக் கடைத்தெரு என்று ஓர் அந்திக்கடைப் பகுதி இருந்தது. அங்கே விற்கப்பட்டதால் இந்தப் பெயர். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், மெல்லிய வண்ணத்தாள் மேலட்டை. விலை காலணா, அரையணா, மிஞ்சினால் ஓரணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஆக, ஒரு ரூபாயில் 64 காலணாப் புத்தகங்கள் வாங்கலாம். உள்ளே இருப்பது பாட்டு: சிந்து, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி, லாவணி. கொலை, வெள்ளம், ரயில் விபத்து, விலைவாசி, கோயில் திருவிழா என்று எதுவும் பாட்டாகும். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டபோதும், 1952-இல் ஆளவந்தார் கொலை நகரத்தை உலுக்கியபோதும் சுடச்சுடப் பாட்டுப் புத்தகங்கள் வெளிவந்தன. செய்தித்தாள் வாங்க வழியில்லாதவர்களுக்குச் செய்தியும் அதுவே, பொழுதுபோக்கும் அதுவே.

விற்கும் முறையே விளம்பரம். விற்பவர் முச்சந்தியிலோ சந்தையிலோ ரயில் பெட்டியிலோ நின்று பாட்டைப் பாடுவார். கூட்டம் சேரும். பாட்டின் முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை நீட்டுவார். மெட்டு காதில் நின்றுவிடும் என்பதால், வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தானே பாடிக்கொள்ளலாம். படித்தவர்கள் இந்தப் புத்தகங்களை மதிக்கவில்லை; ‘குஜிலி’ என்ற சொல்லே ஏளனமாக வழங்கியது. அரசாங்கம் மட்டும் மதித்தது என்று சொல்ல வேண்டும். காந்தியையும் பகத்சிங்கையும் பற்றிய பாட்டுப் புத்தகங்கள் 1930-களின் தொடக்கத்தில் பெருகியபோது அவற்றைத் தேடித்தேடித் தடை செய்தது. காலணாச் சரக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது போலீசுக்குத் தெரிந்திருந்தது.

பேசும்படம் வந்ததும் இந்த மரபு சினிமாக் கொட்டகை வாசலுக்கு இடம் மாறியது. படத்தின் பாட்டுப் புத்தகம் நுழைவாயிலிலேயே கிடைக்கும். பாடல்கள் முழுமையாக இருக்கும். கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். எழுத்தறிவு வகுப்புகள் செய்யாத வேலையை இந்தப் பாட்டுப் புத்தகங்கள் ஓரளவு செய்தன. மனப்பாடமான பாட்டை எழுத்தில் தொடர்ந்து பார்ப்பது படிக்கப் பழக நல்ல வழி.

குஜிலிப் பதிப்புகளைப் பெரும்பாலான நூலகங்கள் சேர்த்துவைக்கவில்லை. இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் போன்ற தனி மனிதர்கள் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்தவை. அவர் சேகரிப்பே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ வந்த பிறகுதான் இந்தப் புத்தகங்களுக்குப் படித்தவர் மத்தியில் மரியாதை பிறந்தது.

மலிவு விலையைத் தரமான எழுத்தோடு சேர்த்து யோசித்தவர்களில் முதன்மையானவர் சுப்பிரமணிய பாரதி. 1920-இல் கடையத்தில் இருந்தபோது தம் கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி வீதம் அச்சிடத் திட்டமிட்டு, முதலுக்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் விற்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார். அந்தக் கணக்கு பலித்ததற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாரதி நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் வாங்கியது. பின்னர் அதை மக்களுக்குப் பொதுவாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும், சக்தி வை. கோவிந்தன் 1957-இல் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்தார். எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பெற்று நூலை நாட்டுடைமை ஆக்கும் வழக்கம் இங்கிருந்து தொடங்குகிறது. பின்னாளில் தமிழக அரசு நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை இவ்வாறு நாட்டுடைமை ஆக்கியது. அந்த நூல்களைப் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிடுவதால் விலை தானாக இறங்கிவிடுகிறது.

அதே 1950-களில் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் ஆழ்வார் பாடல்களையும் சந்தி பிரித்து, எளிதாகப் படிக்கும் வகையில் மலிவாக வெளியிட்டவர் மர்ரே எஸ். ராஜம். அறிஞர் குழு ஒன்றை வைத்துப் பாடம் பார்த்து, உரை இல்லாமல் மூலத்தை மட்டும் அச்சிட்டார். உரைகாரர் துணையில்லாமல் சாதாரண வாசகர் பழம்பாடலைத் தொடலாம் என்ற நம்பிக்கை அந்தப் பதிப்புகளின் பின்னால் இருக்கிறது. கையொப்பக் காலத்தின் பணக்கார வாசகருக்கும் முச்சந்தியின் காலணா வாசகருக்கும் நடுவே இருந்த சுவரை முதலில் இடித்தவர்கள் கோவிந்தனும் ராஜமும்தான். இருவருமே அந்த முயற்சியில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை.

வாங்கிப் படிப்பது இப்படி ஒரு பக்கம் நடக்க, வாங்காமல் படிப்பதற்கான ஏற்பாடுகள் இன்னொரு பக்கம் வளர்ந்தன. சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அருமையான கட்டடம், அருமையான நூல்கள். ஆனால் உள்ளே போக ஆங்கிலமும் நல்ல உடுப்பும் தேவைப்படும் என்று சாமானியர் தயங்கிய இடம். நூலகம் எல்லோருக்கும் உரியது என்ற எண்ணத்துக்கு இங்கே உருவம் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது, அங்கே நூலகங்கள் தொழிலாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்து கிடப்பதைப் பார்த்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகள் நூலின் முதல் விதி, புத்தகம் பயன்பாட்டுக்குரியது என்பது. இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதே நூலகரின் கடமை என்றிருந்த காலத்தில் அது கலகம்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை தம் முயற்சியில் அமைத்த அந்த நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். வண்டிக்குள் அலமாரி, குறித்த நாளில் குறித்த கிராமத்துக்கு வண்டி போகும், புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த முறை வரும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். தஞ்சை மாவட்டத்து விவசாயி புத்தகத்தைத் தேடி நகரத்துக்கு நடக்க வேண்டியதில்லை. செலவும் இல்லை. இந்தியாவின் நடமாடும் நூலகங்களுக்கு ஒரு முன்னோடி இந்த வண்டி.

தனி மனிதர் தயாளத்தில் ஒரு வண்டி ஓடலாம். மாகாணம் முழுவதும் ஓட முடியாது. அதற்கு நிரந்தர வருமானம் வேண்டும். ரங்கநாதன் வரைந்த நூலகச் சட்ட மாதிரியை ஒட்டி 1930-களிலேயே சட்டமன்றத்தில் முயற்சி நடந்து நிறைவேறாமல் போனது. கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே; 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரி, சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு ஆறு தம்பிடி கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். பட்ஜெட்டில் நிதி அமைச்சரின் மனநிலையை நம்பி நூலகம் பிழைக்க வேண்டியதில்லை. பல மாநிலங்கள் பின்னர் நூலகச் சட்டம் இயற்றியபோது வரி போடத் துணியவில்லை. விளைவை அந்த மாநிலங்களின் நூலகங்களில் பார்க்கலாம்.

சட்டம் வந்தவுடன் நூலகம் வந்துவிடவில்லை. 1950-களில் பொதுக் கல்வி இயக்குநராகவும் நூலக இயக்குநராகவும் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கிளை நூலகங்களையும் நூல் வழங்கும் நிலையங்களையும் திறக்கச் செய்தார். கட்டடம் கட்டக் காத்திருக்கவில்லை. ஊர்க்காரர் இலவசமாகத் தந்த ஓர் அறை, ஒரு பெஞ்சு, இரண்டு அலமாரி போதும். பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு ஊரையே சேர்த்துக்கொண்ட அவருடைய முறை இங்கும் பலித்தது. கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. கிளை நூலகத்தின் காலை நேரத்து முதல் வாசகர்கள் நாளிதழுக்காக வருபவர்கள். மாலையில் நாவலுக்காக வருபவர்கள். எந்தத் தொடர்கதைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்பதை நூலகரைவிட வாசகர்களே துல்லியமாக அறிந்திருப்பார்கள்.

அரசு நூலகம் எட்டாத இடத்தில் கட்சிகள் படிப்பகம் வைத்தன. திராவிட இயக்கத்தின் வளர்ச்சியில் படிப்பகத்துக்கு மேடைக்கு அடுத்த இடம் உண்டு. ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, தலைவர் பெயரில் ஒரு பலகை. ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் அங்கே வரும். சலூனும் டீக்கடையும்கூடப் படிப்பகம்தான். ஒருவர் உரக்கப் படிக்க, முடிவெட்டிக்கொள்பவரும் தேநீர் குடிப்பவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய எழுத்துப் பாரதம் கேட்ட அதே பழக்கம் இங்கே அரசியலுக்குப் பயன்பட்டது. பெரியாரின் குடி அரசுப் பதிப்பகம் சிறு வெளியீடுகளை அணாக் கணக்கில் விற்றது. பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ ப. ஜீவானந்தத்தின் மொழிபெயர்ப்பில் அங்கிருந்துதான் வந்தது. பொதுவுடைமைக் கட்சியினரும் தொழிற்சங்க அலுவலகங்களில் இதே வேலையைச் செய்தார்கள்.

கட்சியும் அரசும் கவனிக்காத வாசகர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவை வார இதழ்களும் வாடகை நூலகங்களும். ஆனந்த விகடன் 1926-இலும், கல்கி 1941-இலும், குமுதம் 1947-இலும் தொடங்கின. தெருவில் ஒரு வீட்டில் விகடன் வாங்கினால், அடுத்த வீட்டில் கல்கி வாங்குவார்கள். வாரம் முழுவதும் இதழ்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கும். படித்து முடித்ததும் குப்பைக்குப் போகாது. தொடர்கதைப் பக்கங்களை ஊசி பிரித்து எடுத்து, வாரவாரியாக அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். காலிகோ முதுகும் அட்டையும் போட்டு அவர் தைத்துத் தருவார். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை ஓவியர் மணியத்தின் படங்களோடு இப்படிக் கட்டி வைத்த வீடுகள் ஏராளம். கல்யாணமாகிப் போகும் பெண் இந்தத் தொகுப்புகளைக் கூடவே கொண்டுபோனதும் உண்டு. பதிப்பகம் அச்சிடாத பதிப்பு இது. விலை, வாங்கிய இதழ்களின் விலையோடு பைண்டிங் கூலி. புத்தகமாக வராமலே மறைந்துபோயிருக்கக்கூடிய பல தொடர்கதைகள் இந்த வீட்டுத் தொகுப்புகளால்தான் பிழைத்தன.

வாடகை நூலகங்களில் இந்தத் தொகுப்புகளும் இருந்தன. சென்னை இராயப்பேட்டைப் பகுதியில் 1950-களில் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி அவற்றில் பெயர் பெற்றது. சிறிய ஊர்களில் பெட்டிக்கடையின் ஒரு மூலையே வாடகை நூலகம். முன்பணம் கொஞ்சம் கட்ட வேண்டும். வாடகை பெரும்பாலும் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு. பத்துப் பேர் எடுத்தால் போட்ட முதல் வந்துவிடும். பதினோராவது ஆளிலிருந்து இலாபம். அதனால் கடைக்காரர் எந்த எழுத்தாளர் ஓடுவார் என்பதைப் பதிப்பாளரைவிட நன்றாகக் கணித்தார். தடித்த அட்டையும் தையலும் போட்டு, கடைசிப் பக்கம் கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கம் போனால் முதல் போன மாதிரி. தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் 1990-களில் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டதும் இந்தத் தொழில் நொடித்தது.

புதிதாகவே மலிவாக வரும் நாவலுக்கு வழி திறந்தது ‘ராணி முத்து’. சி.பா. ஆதித்தனாரின் தினத்தந்தி நிறுவனம் 1969-இல் அகிலனின் ‘பொன்மலர்’ நாவலை ஒரு ரூபாய்க்கு வெளியிட்டு இதைத் தொடங்கியது. செய்தித்தாள் தாள், செய்தித்தாள் இயந்திரம், செய்தித்தாள் போகும் அதே ஏஜென்ட் வலை. புத்தகக் கடையே இல்லாத ஊரிலும் பேருந்து நிலையத்தில் முழு நாவல் தொங்கியது. மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று மாத நாவல்கள் தொடர்ந்தன. ராஜேஷ்குமாரையும் சுபாவையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் ஒரு தலைமுறை பேருந்துப் பயணத்தில் படித்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸ் சிறுவர்களுக்கு அதையே செய்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பணம் கொடுத்து வாங்கியவர்களைவிட, வேறு இதழ் கொடுத்து மாற்றிப் படித்தவர்களே அதிகம். கடல் கடந்து இலங்கையிலும் இதே காலத்தில் வீரகேசரி பிரசுரம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. இந்திய இதழ்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த நேரம் அது.

அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே இருந்த போட்டியும் தமிழ் வாசகருக்கு ஆதாயமானது. அமெரிக்க ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1950-களின் நடுவில் தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் அமைந்தது. அமெரிக்க நூல்களின் தமிழாக்கங்கள் சொற்ப விலைக்கு வந்தன. சோவியத் பக்கம் அளவில் அதையும் மிஞ்சியது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மீரும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் மாஸ்கோவில் இருந்து மொழிபெயர்த்தார்கள். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’, ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ எல்லாம் கனமான அட்டையோடு வழவழப்பான தாளில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. உள்ளூரில் அந்த விலைக்குத் தாள்கூட வாங்க முடியாது. நியூ செஞ்சுரியின் புத்தக வேன் கல்லூரி வாசலிலும் கட்சி மாநாட்டிலும் நிற்கும். கட்சி பிடிக்காதவர்களும் புத்தகம் வாங்கினார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வரத்து நின்றுபோனது. கையில் இருந்த பிரதிகள் பழைய புத்தகக் கடைக்குப் போய் இரண்டாம் வாழ்வு பெற்றன.

பழைய புத்தகக் கடைக்கும் நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900-இல் திறந்த மூர் மார்க்கெட், மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரைக் கொண்டது. சந்தைக் கடைகளுக்காக எழுந்த அந்தச் செங்கல் கட்டடம் நாளடைவில் பழைய புத்தகத்துக்குப் புகழ் பெற்றது. ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரரின் நூலகம், இறந்துபோன வக்கீலின் அலமாரி, பரீட்சை முடித்த மாணவனின் பாடநூல் எல்லாம் அங்கே வந்து குவிந்தன. விலை எழுதியிருக்காது; வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். ஆசையை மறைக்கத் தெரிந்தவருக்குப் பாதி விலை. 1985 மே மாதம் தீ பிடித்து மூர் மார்க்கெட் அழிந்தது. கடைக்காரர்களுக்கு அருகே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. பழைய கூட்டம் அங்கே சேரவில்லை. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதை, மயிலாப்பூர் லஸ் முனை, மதுரைப் புது மண்டபம் என்று வேறு வேறு இடங்களில் அந்த வியாபாரம் தொடர்ந்தது.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, நூற்றுக்குப் பத்து கழிவு என்பதை வழக்கமாக்கியது. ஆண்டு முழுவதும் காசு சேர்த்து ஜனவரியில் மொத்தமாக வாங்கும் பழக்கம் அதனால் வந்தது. ஆனால் தமிழ்ப் புத்தக விலையை உண்மையில் தீர்மானித்தது வாசகர் அல்ல, நூலக ஆணை. அரசு நூலகங்களுக்குச் சில நூறு பிரதிகள் வாங்கப்படும். விலை பாரக் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படும். பல பதிப்பாளர்கள் ஆயிரம் பிரதி அடித்து, அதில் பெரும்பகுதியை நூலகத்துக்குக் கொடுத்து முதலை எடுத்தார்கள். ஆணை வந்த ஆண்டு புத்தகம் பெருகும். வராத ஆண்டு பதிப்பகம் மூச்சுத் திணறும். இந்த ஏற்பாடு பல நல்ல நூல்களைப் பிழைக்க வைத்தது; வாசகரே வேண்டாத நூல்களையும் பிழைக்க வைத்தது.

கணினி வந்தபோதும் முதலில் வேலையில் இறங்கியவர்கள் தன்னார்வலர்களே. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி வைத்தது. 2001-இல் அமைந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமை ஆன நூல்களையும் பழைய அரிய நூல்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பாரதி விரும்பிய மலிவு விலைகூட இப்போது அங்கே அவர் நூலுக்கு இல்லை. ஆனால் உரிமை உள்ள இன்றைய எழுத்தாளரின் புதிய நாவல் இந்த இடங்களில் கிடைக்காது. திருட்டு மின்நகலைத் தவிர்த்து அதைச் செலவில்லாமல் படிக்க நேர்மையான வழி இன்றும் கிளை நூலகம்தான்.

அந்த நூலகத்துக்கான நூலக வரி பின்னர் உயர்த்தப்பட்டு, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா என்று நிற்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த வரியை உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில்லை என்ற புகார் பழையது, இன்னும் தீராதது. வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார். குடியிருப்பவர் வாடகையின் வழியாகக் கட்டுகிறார். நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் இந்த வரியிலிருந்து தப்புவதில்லை. உறுப்பினராவதற்குத் தனியாகக் கேட்கப்படுவது ஒரு சிறிய காப்புத்தொகையும், ஆண்டுக்குச் சில ரூபாய்ச் சந்தாவும் மட்டுமே.